மாற்றலாமா, வேண்டாமா?

எங்கள் வீட்டின் முன்கட்டில், சன்னலை ஒட்டினாற்போல், பூப்போட்ட துணி போர்த்திய ஒரு பெட்டி இருக்கிறது. 2010 ஆம் ஆண்டு நாம் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய கணினி அது. அந்நாளில் அதனைக் ‘கணிப்பொறி’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது வீட்டுச் சிறுவர்கள் ‘சிஸ்டம்’ என்கிறார்கள். பெயர் எதுவாயினும், பதினைந்து ஆண்டுக் காலம் அது நமக்காக உழைத்தது. கடிதம், கட்டுரை, ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் நிக்காஹ் அழைப்பிதழ் என்று எதையெதையோ அதில் எழுதி முடித்தோம். அதற்கு வயதாகிவிட்டது என்ற நினைப்பே நமக்கு வந்ததில்லை. தம்முடைய வயதையே மறந்திருப்பவர்களுக்குப் பெட்டியின் வயது எங்கே நினைவிருக்கப் போகிறது!

2025 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கலாம் என்று வங்கியின் பக்கத்தைத் திறந்தோம். ‘உங்கள் உலாவி பழையது, புதுப்பித்துக்கொண்டு வரவும்’ என்ற வரி வந்து நின்றது. உலாவியைப் புதுப்பிக்க முயன்றால், ‘உங்கள் இயங்குதளம் பழையது’ என்று அது கைவிரித்தது. ஓர் அலுவலகத்தில் போனால் அடுத்த அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்களே, அந்த அலைச்சலை நாற்பது ஆண்டுகள் மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து பிறருக்குக் கொடுத்தவர்கள் நாம். இப்போது நமக்கே நேர்ந்தது.

இயங்குதளம் என்பது, பெட்டிக்கும் நமக்கும் இடையில் நின்று இருவர் பேச்சையும் இருவருக்கும் எடுத்துரைக்கும் அடிப்படை மென்பொருள். நம்முடையது விண்டோஸ் 7. அது 2009 அக்டோபர் 22 அன்று வெளிவந்தது. 2020 ஜனவரி 14 ஆம் நாளுக்குப் பிறகு அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்தச் செய்தியை நாளிதழில் நாமும் படித்தோம். மறுநாள் காலையில் சற்று அச்சத்தோடுதான் பெட்டியைத் தட்டினோம். வழக்கம்போல எழுந்தது. ‘ஆதரவாவது, நிறுத்தமாவது! புதுச் சரக்கை விற்பதற்குப் பழஞ்சரக்கைப் பழிக்கிறார்கள்’ என்று தீர்மானித்துவிட்டோம். 2023 பிப்ரவரியில் குரோம் உலாவியின் 110 ஆம் பதிப்பு வந்தபோது அது விண்டோஸ் 7இல் ஏறவில்லை. நாம் 109இலேயே நின்றுவிட்டோம். அதையும் பொருட்படுத்தவில்லை.

எங்கள் லாத்தாவின் மகன் ஊரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். அவனை அழைத்து வரச் சொன்னோம். அவன் வந்து பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே ஊதி, காதை வைத்துக் கேட்டான்.

“மாமா, டிஸ்க் டிக்கு டிக்கு என்று அடிக்கிறது, கேட்கிறதா?”

நமக்குக் கேட்கவில்லை. காதுக்கும் வயதுண்டு.

அவனிடம், “இதற்குப் புதிய விண்டோஸைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?” என்று கேட்டோம். அவன் உடனே பதில் சொல்லவில்லை. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பாரே, அந்தப் பேசாமை. பிறகு சொன்னான்: விண்டோஸ் 10ஐப் போடலாம், பெட்டி தாங்கும், ஆனால் அதற்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிகிறது. அதற்கு மேல் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறுவதற்கு ஒரு நீட்டிப்பு அறிவித்திருக்கிறார்கள். “நாளைக்கு இடிக்கப்போகிற வீட்டுக்கு இன்றைக்கு வெள்ளையடிப்பானேன், மாமா?” என்றான்.

விண்டோஸ் 11? 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்த அந்தத் தளம், வாசலிலேயே சில சான்றுகளைக் கேட்கிறது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். நினைவகம் 4 ஜி.பி.யாவது வேண்டும், இண்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். நம் பெட்டியில் இருப்பது கோர் 2 டுவோ. எட்டாம் தலைமுறைச் செயலிகள் பிறந்ததே 2017இல்தான். சட்டத்தைச் சுற்றிக் கொல்லைப்புற வழியாக ஏற்றுகிறவர்களும் உண்டாம். ஆனால் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பு, இந்தப் பழஞ்செயலிக்குத் தெரியாத சில கட்டளைகளைக் கட்டாயமாக்கிவிட்டதால் அந்தக் கதவும் அடைபட்டது. எஞ்சியது லினக்ஸ். அதற்கு விலை இல்லை; பழைய பெட்டியிலும் ஓடும்; தமிழும் நன்றாகவே வரும். “மின்ட் என்று ஒன்று இருக்கிறது, அரை மணி நேரத்தில் போட்டுத் தருகிறேன்” என்றான் மருமகன்.

அவன் போட்டிருப்பான். நாம்தான் தடுத்தோம்.

தடுத்ததற்குக் காரணம் உண்டு. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளிவந்தபோது, விண்டோஸ் 7 வைத்திருப்போர் ஓராண்டுக்குள் விலையின்றி மாறிக்கொள்ளலாம் என்றார்கள். நமது நண்பர் ஒருவர், கலியாண அழைப்பிதழ் அச்சகம் நடத்துபவர், அந்தச் சந்தர்ப்பத்தில் பெட்டியையே துடைத்து 64 பிட் தளத்துக்கு மாறினார். அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. அச்சுப்பொறியின் வடம் செருகும் இடத்தில் விரலளவு ஒரு கட்டையைச் செருகி வைத்தால்தான் எழுத்து விழும். அந்தக் கட்டையோடு பேசுகிற சிறு மென்பொருள் 32 பிட் காலத்தது. 64 பிட் தளம் அதை ஏற்கவில்லை. முகூர்த்த மாதத்தில், பழைய அழைப்பிதழ்களைத் திரையில் பார்க்க முடிகிறது, புதிதாய் ஓர் ‘அ’ போட முடியவில்லை என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த காட்சி நம் கண்ணை விட்டு அகலவில்லை. இலவசமாக வந்ததை வேண்டாம் என்று மறுத்தவர்கள் ஊரில் நாம் ஒருவராகத்தான் இருந்திருப்போம்.

எனினும், அந்த அச்சம் ஒன்றே காரணமன்று. பெட்டிக்குள் எங்கள் உம்மா இருந்தார்.

2004 முதல் 2006 வரை, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில், உம்மா தம் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல நாம் தட்டச்சு செய்தோம். அவர் பிறந்த வீடு, கொழும்பில் கடை வைத்திருந்த வாப்பா ஆண்டுக்கொரு முறை வந்து போன விதம், பாட்டிமார் பாடிய தாலாட்டுகள், எந்த வீட்டுக்கு எந்த வீட்டில் பெண் கொண்டார்கள் என்ற வழிமுறை, ஆணம் காய்ச்சும் பக்குவம் என்று ஒழுங்கு எதுவும் இல்லாமல் வந்ததை வந்தபடியே எழுதினோம். முப்பத்தொரு கோப்புகள், நூற்று நாற்பத்தாறு பக்கங்கள். 2007இல் உம்மா மௌத்தானார். நூலாக்கலாம் என்ற எண்ணம் இருந்தது. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டோம். ஒரே ஒரு முறை தாளில் எடுத்த பிரதியை லாத்தா வாங்கிப் போனார். மழைக்காலத்தில் அலமாரியோடு நனைந்து, மை கரைந்து, நீலக் கறையாயிற்று. குறுந்தட்டில் பதிந்து வைத்த நகலும் பின்னாளில் தோல் உரிந்து போயிற்று. ஆக, மிஞ்சியது இந்தப் பெட்டிதான்.

அந்தக் கோப்புகள் பேஜ்மேக்கரில் அமைந்தவை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றச்சகங்கள் யாவும் அதை நம்பியே இருந்தன. அடோபி நிறுவனம் அதன் 7.0 பதிப்பை 2001இல் வெளியிட்டதோடு நிறுத்திக்கொண்டது. யூனிகோடு என்னும் இன்றைய எழுத்துமுறை அதற்குத் தெரியாது. சரி, அதைப் புதுப் பெட்டியில் மறுபடி நிறுவிக்கொள்ளலாமே என்று மருமகன் கேட்டான். நிறுவுவதற்கான தட்டு எங்கே என்றான். இங்கேதான் வாசக அன்பர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்மிடம் தட்டு இல்லை. பெட்டி வாங்கிய கடையில், கேட்காமலே போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு விலை உண்டா, அந்த விலையை யாராவது கொடுத்தார்களா என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கடலை மிட்டாய் வாங்கினால் மீதிக் காசை எண்ணிப் பார்க்கிற நாம், பிறர் உழைப்பு ஒன்றைப் பதினைந்து ஆண்டுகள் சும்மா வைத்துப் பிழைத்திருக்கிறோம்.

எனவே, எதையும் தொட வேண்டாம். இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று மருமகனிடம் சொன்னோம். “என்னிடம் திருட என்னப்பா இருக்கிறது? எவன் வந்து எதைக் கொண்டுபோகப் போகிறான்?”

அவன் பொறுமையாக விளக்கினான். ஆதரவு முடிந்தது என்றால் பெட்டி நின்றுவிடும் என்று பொருளல்ல. அதுவரை கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் இனி அடைக்கமாட்டார்கள் என்று பொருள். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமமில்லை. தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் போடுவார்கள். போடாத தோணி உடனே மூழ்குவதில்லை. கரையில் கிடக்கும்வரை தோணிதான். 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்றொரு கணினிப் புழு உலகெங்கும் பரவிற்று. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேலான பெட்டிகளை அது பிடித்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை, அதைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 பெட்டிகள். யாரும் எதையும் தொட்டுத் திறக்கவேண்டிய தேவைகூட இல்லாமல், வலைப்பின்னலில் இருந்தாலே அது வந்து சேர்ந்தது.

“அது பணக்காரனா, ஏழையா என்று பார்க்காது மாமா. உள்ளே இருக்கிற கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்கும். உங்களிடம் திருட ஒன்றுமில்லை என்கிறீர்களே, உம்மும்மா இருக்கிறார்களே!” என்றான்.

அவனுக்கு அவர் தாயின் தாய். நமக்குச் சுருக்கென்றது.

அவன் போன பிறகும் முடிவு வரவில்லை. மாற்றினால் பேஜ்மேக்கர் போகும்; மாற்றாவிட்டால் என்றாவது டிஸ்க் போகும், அல்லது புழு வரும். நான்கு நாட்கள் இதே யோசனை. துஹாத் தொழுகைக்குப் பிறகு ஒன்று தோன்றும். பகலுணவுக்குப் பிறகு வேறொன்று தோன்றும். எங்கள் வீட்டில் முக்கியமான தீர்மானங்கள் பெரும்பாலும் அடுக்களையிலிருந்தே வெளிவந்திருக்கின்றன. இம்முறையும் அப்படியே ஆயிற்று. மீன் அரிந்துகொண்டிருந்த நம் மனைவி தலையை நிமிர்த்தாமலே, “பெட்டியை மாற்றுவது, மாற்றாதது எல்லாம் இருக்கட்டும். மாமி பேசினதை முதலில் அதிலிருந்து வெளியே எடுங்கள். அப்புறம் பெட்டி எக்கேடு கெட்டால் என்ன?” என்றார்.

நான்கு நாள் யோசனையில் நமக்கு அது தோன்றவில்லை. பெட்டியையும் அதற்குள் இருந்ததையும் ஒன்றாகவே எண்ணியிருந்தோம்.

மறுநாளே வேலை தொடங்கிற்று. முதலில் வலைவடம் பிடுங்கப்பட்டது. பிறகு மருமகன், டிக்கு டிக்கு என்ற டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, சுழலும் தகடு இல்லாத ஒரு புதிய வன்தட்டில் ஏற்றினான். அது தீப்பெட்டிக் கனமே இருந்தது. பழையது செங்கல்போல் கனத்தது. அடுத்து, முப்பத்தொரு கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் பேஜ்மேக்கரில் திறந்து பி.டி.எஃப். ஆக மாற்றினோம். அது பக்கத்தைப் படம் பிடித்து வைத்ததற்கு ஒப்பு. எந்தப் பெட்டியிலும் உள்ளபடி தெரியும். அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம். ஆனால் அந்தப் படத்திலிருந்து ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு பிழையைத் திருத்த முடியாது. எழுத்தை எழுத்தாகவே எடுக்க வேண்டும்.

செப்டம்பரில், ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன் விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி ஒன்றைக் கொண்டு வந்தான். பழைய பெட்டியில் பிரித்தெடுத்த உரையை அதில் திறந்து பார்த்தபோது, திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகச் சிதறிக் கிடந்தன. ஓர் உயிர்மெய்கூட இல்லை.

அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் செய்த தந்திரம் இதுதான். கணினி ஓர் எழுத்துருவுக்கு ஒதுக்கியது 256 இடங்கள் மட்டும். தமிழ் எழுத்துகள் 247. அவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ வரிசைகள் வேறு. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து, கொம்பு, கால், சுழி என்று துண்டு துண்டாக ஒட்டிக் காட்டினார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி உட்கார வைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று குறியீடுகளை வகுத்ததும், 2010 ஜூனில் யூனிகோடை ஏற்றதும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான். நம் எழுத்துரு எந்த வகுப்பிலும் சேராதது, கடைக்காரர் கொடுத்தது.

அந்தச் சிதறலைப் பார்த்தபோது உம்மாவின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் கொழும்பிலிருந்து வாப்பா எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு உண்டு. எல்லாம் அரபுத் தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளி இட்டு எழுதுவது அது. உம்மா கடகடவென்று வாசிப்பார். குர்ஆன் ஓதத் தெரிந்த நாமோ, வேகமாய் ஓடிய அந்தக் கையெழுத்தில் எழுத்துக் கூட்டி ஒரு வரியைக் கடப்பதற்குள் களைத்துப்போகிறோம். நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. தாள் பழுதின்றி இருக்கிறது, மை மங்கவில்லை. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது லை, னை, றா முதலியன வடிவம் மாறின. அலுவலகத்தில் நாம் எவ்வளவு முணுமுணுத்தோம்! இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் பழைய நூலை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் பழகிக்கொண்டு படிக்கிறார்கள். அந்த மாற்றம் பழையதைப் படிக்கும் வழியை அடைக்கவில்லை. வாப்பாவின் கடிதங்களுக்கு வழி அடைந்துபோயிற்று. அதை அடைத்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது.

மருமகன் ஓர் அட்டவணை எழுதினான். இடப்பக்கம் பழைய இடம். வலப்பக்கம் அதற்குரிய யூனிகோடு எழுத்து. பழைய முறையில் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலில் தட்டி, ‘க’வைப் பின்னர் தட்டினோம், கையால் எழுதும் வரிசையில். யூனிகோடிலோ ‘க’ முன்னே, கொம்பு பின்னே. எல்லாக் கொம்புகளையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. ஹ, ஷ, ஜ வரிசைகள் மூன்று நாள் பிடித்தன. நம் வீட்டுப் பெயர்களில் அவை வராத பெயர் எது? முதல் சுற்றில் எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் தலையின்றியும் மீதிப்பேர் காலின்றியும் நின்றார்கள்.

ஒருவாறு முடிந்தது என்று எண்ணி, சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு சொல்லைத் தேடினோம். ‘மௌத்’. யார் யார் எந்த ஆண்டில் மறைந்தார்கள் என்று தொகுத்து வைக்கலாம் என்பது எண்ணம். நூற்று நாற்பத்தாறு பக்கங்களிலும் தேடிவிட்டு, அப்படி ஒரு சொல் இல்லை என்றது கணினி. உம்மாவின் கதையில் யாருமே மௌத்தாகவில்லை! ஆனால் கண்ணால் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் இருக்கிறது. மருமகன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பழைய எழுத்துருவில் ஔகாரத்துக்குத் தனிக்குறி கிடையாது. கொம்பு போட்டு, பின்னால் ‘ள’ என்ற எழுத்தையே தட்டிவிடுவோம். ஆகவே இருந்தது ‘மௌ’ அன்று, ‘மெ’யும் ‘ள’வும். அச்சில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் கண் ஏமாறும்; கணினி ஏமாறாது.

“எல்லா ‘ள’வையும் ஒரே தட்டில் மாற்றிவிடுகிறேன்” என்று அவன் தட்டினான். அவசரக்காரன். மௌத்துகள் சரியாயின. மௌலவிகளும் மௌலிதுகளும் சரியாயினர். ஆனால், வெள்ளிக்கிழமை உருக்குலைந்தது. வெளியே போனவர்கள் திரும்பவில்லை. உம்மா வாய்க்கு வாய் சொல்லும் ‘மெள்ள, மெள்ள’ என்ற சொல் வாயில் நுழையாத ஏதோ ஒன்றாயிற்று. உண்மையான ‘ள’ எது, ஔகாரத்தின் ‘ள’ எது என்பது படிக்கிறவனுக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொன்றாக, கையால், வரி வரியாகப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் என்று வகுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இருபத்திரண்டாம் கோப்பில் ‘கெளுத்தி’ என்ற மீனின் பெயர் சிதைந்திருந்தது. அதைத் திருத்தப் போய் அந்தப் பத்தியைப் படித்தோம்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன கதை அது. பயணிகளோடு ரயிலையே கடல் எடுத்துக்கொண்ட இரவு. அந்த வாரம் தலைமன்னாரில் கப்பலேறி வருவதாக வாப்பா எழுதியிருந்தார். தந்தியில்லை, தகவலில்லை. மௌத்தாகிவிட்டார் என்றே தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் அவர் வந்து சேர்ந்தார்; புறப்படவே இல்லையாம், அந்தக் கரையிலேயே தங்கிவிட்டாராம். நமக்கு அப்போது வயது பன்னிரண்டு, இதெல்லாம் நினைவிருக்கிறது. நினைவில் இல்லாதது அடுத்த நான்கு வரிகள். வீட்டில் காசில்லாத அந்த நாட்களில், வாசலுக்குக் கெளுத்தி கொண்டுவரும் மீன்காரப் பெண்மணி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த இருபது ரூபாயை உம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாப்பா வந்தபின் திருப்பிக் கொடுக்க ஆளனுப்பினால், அவர் குடியிருப்பை விட்டே போய்விட்டார். ‘அந்த இருபது ரூபாய் இன்னும் என் தலையிலே நிற்கிறது. நீதான் பார்த்துக் கொடுக்க வேண்டும்’ என்று உம்மா சொல்லியிருக்கிறார். நாம் அதை ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்திருக்கிறோம். தட்டச்சுப் பழகியவனுக்குக் காதில் விழுவது நேரே விரலுக்குப் போய்விடுகிறது.

உம்மா மறைந்து பதினெட்டு ஆண்டுகள். கடனைத் தீர்க்காமலே ஜனாஸாவைத் தூக்கியிருக்கிறோம். அதன் சாட்சி நம் விரல் பட்ட எழுத்தாகவே, நமது வீட்டு முன்கட்டில் இருந்திருக்கிறது. அன்று அதற்கு மேல் ஒரு பக்கமும் திருத்தவில்லை.

லாத்தாவிடம் சொன்னோம். அவர், “என்னிடமும் ஒரு தரம் சொன்னார்கள், நீ கொடுத்திருப்பாய் என்று இருந்தேன்” என்றார். இமாம் அவர்களிடம் கேட்டோம். கடன் இருபது ரூபாய்தான், அதைச் சேர்ப்பியுங்கள்; அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பது உங்கள் விருப்பம், நற்செயல் என்றார். மீன் கடைத்தெருவில் விசாரித்ததில், பழைய ஆட்களுக்கு அந்தப் பெண்மணியைத் தெரிந்திருந்தது. அவர் இறந்து வெகுகாலமாயிற்று; பேரன் ஒருவர் பக்கத்துக் குப்பத்தில் வலை பின்னுகிறார் என்றார்கள்.

பெட்டியைப் பற்றிய தீர்மானம் இதற்கிடையில் ஆரவாரமின்றி முடிந்துபோயிற்று. அதற்குப் புதிய தளம் எதையும் போடவில்லை. விண்டோஸ் 7, பேஜ்மேக்கர் எல்லாம் இருந்தபடி இருக்கின்றன. வலைவடம் மட்டும் திரும்பச் செருகப்படமாட்டாது. ஓய்வூதியக் கணக்கையும் மற்றவற்றையும் மகன் தந்த மடிக்கணினியில் பார்த்துக்கொள்கிறோம். பேஜ்மேக்கரை இனி எழுதுவதற்கு நாம் தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டோம்; பதினைந்து ஆண்டுக்குப் பிறகு வந்த ஞானம் என்று மருமகன் கேலி செய்கிறான். மாதம் ஒரு முறை துணியை விலக்கித் தட்டிப் பார்க்கிறோம். எழுகிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் லாத்தாவின் மகனோடு குப்பத்துக்குப் போனோம். பேரருக்கே அறுபதை நெருங்கும் வயது. விஷயத்தைச் சொல்வதற்கு வாய் வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தை மருமகன்தான் படித்துக் காட்டினான். பின்னிக்கொண்டிருந்த வலையை மடியில் வைத்தபடியே கேட்டார். இருபது ரூபாய்த் தாள் ஒன்றைத் தனியாகவும், நாம் சேர்த்ததைத் தனியாகவும் கொடுத்தோம். அவர் மறுக்கவில்லை, அது நமக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சிறிது நேரம் கழித்து, “ஐயா, அதில் பாட்டி பெயர் வரவில்லையே? மீன்காரப் பெண் என்றுதானே இருக்கிறது?” என்றார்.

உம்மா பெயர் சொல்லவில்லை. அல்லது சொன்னதை நாம் தட்டச்சு செய்யவில்லை.

அவர் பெயரைச் சொன்னார். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, உம்மாவின் வரிக்குப் பக்கத்தில் அதைச் சேர்த்தோம். நான்கு எழுத்துப் பெயர். கொம்பும் இல்லை, ‘ள’வும் இல்லை, மருமகனின் உதவியின்றி நாமே தட்டிவிட்டோம்.